லேசர் தொப்பிக்குக் கொடுத்த தலை

கிளினிக் மேடம் இருந்தார், மலையாளி. லேசர் தொப்பி விற்கும் கம்பெனி ஆள் இருந்தார், மதுரைக்காரர். தம்பானூர் ஓட்டலில் பரோட்டா போடும் தம்பி ஒருவர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், முன்தலை ஏறிவிட்டது. பிறகு நான். தொப்பிக்குள் இருந்தேன். மணி அடிக்கும்வரை நாடாவை அவிழ்க்கக் கூடாது.

அந்த அறையும் மெஷினும் என் பொறுப்பு. மெஷினைக் கம்பெனி சும்மா கொடுத்து வைத்திருந்தது. என் தலையில் முடி கூடினால் மேடம் வாங்குவார். கூடாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும். எனக்கும் வேலை இருக்காது.

உச்சியில் மையால் வட்டம் போட்டுப் படம் எடுத்து, அதற்குள் உள்ள முடியை எண்ணுவார்கள். என் முதல் படத்தையும் போன மாதப் படத்தையும் கம்பெனி ஆள் காட்டினார்.

"பாருங்க, எவ்வளவு அடர்த்தி."

தம்பி முதல் படத்தையே பார்த்தார். "அண்ணாச்சி, இது மொட்ட போட்டு வந்த தலைல்லா? திருச்செந்தூரா?"

தலையைத் திருப்ப முடியவில்லை. "ஆமா" என்றேன். மகள் காய்ச்சலுக்கு நேர்ந்தது. படம் எடுத்தபோது யாரும் கேட்கவில்லை.

"எந்தா இது? முன்னாடியே பறயண்டே, சொல்ல வேண்டாமா?" என்றார் மேடம்.

"மொட்டை போட்டா வேர் எங்கயும் போயிராது மேடம். எண்ணிக்கை மாறாது" என்றார் கம்பெனி ஆள்.

"மழிச்ச தலைல பூனமுடி தெரியுமா சார்? வளந்தாத்தான தெரியும்" என்றார் தம்பி. "வெளக்கு இல்லாட்டியும் வளந்திருக்கும். முருகன் குடுத்த முடிக்கு ஒங்க மெஷினு பேரு வாங்குது."

மேடம் சிரிக்கவில்லை. "வாரேன் அண்ணாச்சி" என்று தம்பி படியிறங்கிப் போனார்.

மணி அடித்தது. தொப்பியைக் கழற்றினார்கள். எழுந்தேன்.

"இருக்கு, உட்காரு" என்றார் மேடம். "பழைய கணக்கு வேண்டா. இன்னைக்கு எண்ணுறதுதான் முதல். இனி நாலு மாசம் நோக்காம். இதுல கூடியில்லெங்கில் மெஷின் எடுத்தோண்டு போகணும்."

வளர வேண்டியது வளர்ந்து முடிந்திருந்தது. இனி எங்கிருந்து கூடும்? சரி என்று உட்கார்ந்தேன்.

கம்பெனி ஆள் திரையில் ஒவ்வொரு முடியாகத் தொட்டு எண்ணினார். மேடம் பக்கத்திலேயே நின்றார். பூனைமுடியைக்கூட விட விடவில்லை.

தொண்ணூற்றொன்று. நாலு மாதத்தில் இதைத்தான் நான் தாண்ட வேண்டும்.