சகலை வாங்கிய குட்டி பிக்கப்

ரவிக்குமாரின் கைபேசியில் மாமியார் பெயர் வந்து மூன்று மாதம் ஆயிற்று. அதுதான் அவனுக்கு நோய். சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் பம்ப்செட் சாமான் கடைந்துகொண்டு இருபத்திரண்டு வருடம் லேத் முன்னால் நின்றவனுக்கு முதுகுவலிகூடக் கிடையாது. மாமியார் கூப்பிடுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை இதை யாரிடம் போய்ச் சொல்வான்?

முன்பெல்லாம் அப்படியா இருந்தது! மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு, சிங்காநல்லூரில் தனியாக இருந்த மாசாணியம்மாள் எதற்கெடுத்தாலும் பெரிய மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவாள். குழாய் ஒழுகினாலும் ரவிக்குமார், ரேஷன் கார்டில் பெயர் தப்பாக விழுந்தாலும் ரவிக்குமார். "எங்க பெரிய மாப்பிள்ளை இல்லீன்னா எனக்கு ஆருங்க இருக்கறாங்க" என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைக் கேட்பதற்காகவே வாசலில் நின்று செருப்பை மெதுவாகக் கழற்றுவான்.

அவன் கார் வாங்கியது மூன்று வருடத்துக்கு முன்பு. அப்பனும் பாட்டனும் அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த குடும்பம். அந்தச் சொந்தபந்தத்திலேயே முதல் கார் அவனுடையதுதான். வெள்ளைக் கார். சீட்டுக்கு மேல் வந்த பிளாஸ்டிக் உறையை இன்றுவரை உரிக்கவில்லை. காலடியில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். ஏறுகிறவர்கள் இரண்டு பாதத்தையும் வெளியே தட்டிவிட்டு ஏற வேண்டும். தேங்காய் மூட்டை, பலாப்பழம், கருவாடு எதற்கும் அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்துணியை நீக்கி, துடைத்து, பேட்டரி இறங்கிப் போகாமல் இருக்கப் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி மூடிவிடுவான். ஆளைச் சுமப்பதற்கு வாங்கிய காரை ஆள் சுமந்துகொண்டிருந்தான் என்று நாம் சொல்லலாம். அவனிடம் சொல்லிவிட முடியாது.

அப்புறம் வேலுமணி அந்த வண்டியை வாங்கினான். வேலுமணி யார் என்றால், ரவிக்குமாரின் மனைவி அன்புச்செல்வியின் தங்கை பொற்கொடியைக் கட்டியவன். சகலை. டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அதுவரை கட்டிங் மெஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனவன், ஒருநாள் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். முன்னால் இரண்டு பேர் சௌகரியமாக உட்காரலாம், பின்னால் இடுப்பு உயரத்தில் தொட்டி. அவ்வளவுதான் வண்டி.

"பாக்கறதுக்குப் பொம்மையாட்டம் இருக்குது" என்றான் ரவிக்குமார்.

"ஆமாங்ணா" என்று வேலுமணி சிரித்துவிட்டுப் போய்விட்டான். கோபப்பட்டிருந்தால் ரவிக்குமாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பொம்மை வேலையைக் காட்டியது. ஆட்டோக்காரனே திட்டிக்கொண்டு நுழைகிற சந்துக்குள் போய், அங்கேயே திரும்பி வெளியே வந்தது. காலையில் டைல்ஸ் பெட்டியோடு சைட்டுக்குப் போகும், சாயங்காலம் வரும் வழியில் யார் வீட்டுக் கட்டிலையாவது ஏற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை கழுவிவிட்டால் அதே வண்டியில் பொற்கொடி பட்டுச்சேலை கட்டிக் கல்யாணத்துக்குப் போய் இறங்குவாள். பெரிய லாரி குடிக்கிற டீசலில் கால்வாசிகூடக் குடிப்பதில்லையாம். மழை வந்தால் ஒரு தார்ப்பாய். சொந்தக்காரர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"ஏனுங்க, அம்மாவோட பீரோவ நம்ம வேலுமணி ஒத்தையாளா ஏத்தி எறக்கிப்போட்டாராம். தொட்டி தாழ்வா இருக்கறதுனால தூக்கறதுக்குச் சுளுவா இருக்குதாமா" என்பாள் அன்புச்செல்வி, சோறு போடும்போது.

"ரசத்தை ஊத்து."

"கேஸ் சிலிண்டருகூட..."

"ரசத்தை ஊத்துன்னனே அம்மணி."

வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. ஒருநாள் வேலுமணி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய், அந்த வண்டிக்கு அடியில் குனிந்து துரு இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. பின்கதவின் கீலைப் பிடித்து ஆட்டினான். இரும்பில் நூல் அளவு ஆட்டத்தையும் விரலால் கண்டுபிடிக்கிற கை அது. ஆட்டமே இல்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறான் பாவி என்று, செய்த கம்பெனிக்காரனையும் சேர்த்துக் கரித்துக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

இந்த எரிச்சலோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். ஆனால் மாசாணியம்மாள் வீடு மாறினாள். சிங்காநல்லூர் வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று, மகள்கள் இருக்கிற பெரியநாயக்கன்பாளையத்துக்கே வாடகைக்கு வந்தாள். சாமானுக்கு வேலுமணியின் வண்டி, சரி. அத்தையை அழைத்து வருவது பெரிய மாப்பிள்ளை என்று ரவிக்குமார் தனக்குத்தானே முடிவு செய்து, முந்தின நாளே காரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது சாமி படமும், உப்பும், மஞ்சளும், நிறைகுடமும். அதை மாசாணியம்மாள் யார் கையிலும் கொடுக்கமாட்டாள். விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளும்புகிற பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரவிக்குமார் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கத்தை, ஏறுங்க."

அவள் காரைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். "வேண்டாம் கண்ணு. தண்ணி தளும்புச்சுன்னா உங்க சீட்டு நனைஞ்சுபோயிரும்" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் பிக்கப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். குத்திக்காட்டவில்லை. அவன் சீட்டின் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னாள். வண்டி கிளம்பியது. ரவிக்குமார் திறந்த கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவில் தனியாக, அதன் பின்னாலேயே முப்பது கிலோமீட்டர் போனான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கைபேசி அடங்கிப்போனது. எல்லாம் வேலுமணி. உளுந்து அரைக்கவும் வேலுமணி, ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேலுமணி. இரண்டு தெரு தள்ளி மூத்த மாப்பிள்ளை என்று ஒருவன் உயிரோடு இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தான். என் இடத்தைப் பறித்துவிட்டான், இது அநியாயம் என்று நினைத்தான். அநியாயம் என்று நினைத்த மாத்திரத்தில் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் அநியாயம் நடந்தவர்கள் போகிற இடம் ஒன்றுதான். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து, மனக்குறையைச் சொல்லி நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தால் அவள் பார்த்துக்கொள்வாள்.

பட்டறைக்கு லீவு சொன்னான். வீட்டில், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆர்டர் என்று சொன்னான். மிளகாய் வாங்கி, வரிசையில் நின்று, இடம் கிடைத்ததும் குழவியைப் பிடித்து ஆத்திரம் தீர அரைத்தான். பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவளுடைய தோட்டத்து எல்லைக்கல்லைப் பங்காளி இரவோடு இரவாக நகர்த்திவிட்டானாம்.

"உங்களுக்கு என்னங்க கொறை?" என்றாள்.

ரவிக்குமார் வாயைத் திறந்தான். சகலை வண்டி வாங்கிவிட்டான் என்று சொல்ல முடியுமா? மாமியார் அந்த வண்டியில் ஏறிவிட்டாள் என்று? விழுதை அள்ளிக்கொண்டு கல்லிடம் போனான். அங்கேயாவது சொல்லிவிடலாம் என்றால், அம்மனுக்கும் மாமியாருக்கும் ஒரே பெயராக இருந்து தொலைத்தது. கண்ணை மூடினால் குடத்தோடு நிற்கிற அத்தைதான் வருகிறாள். வேலுமணி என்ன பறித்தான்? கூப்பிட்டார்கள், போனான். நான் என்ன செய்தேன்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலைத் தட்டச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். விழுதை ஓரமாகக் கீழே வழித்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

வெயில். வியர்வை கண்ணில் இறங்கியது. பட்டறைப் பழக்கத்தில் மிளகாய்க் கையால் அழுத்தித் துடைத்தான்.

அப்புறம் கண்ணே தெரியவில்லை. குழாயைத் தேடிப் போய்க் கழுவினான், அதே கையால். யாரோ கையைப் பிடித்துக் கொண்டுவந்து கார் ஓரத்தில் விட்டார்கள். உள்ளே உட்காரப் போனால் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் உறை தொடையைச் சுட்டது. தட்டுத்தடுமாறி அன்புச்செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னான். அவள் யாரைக் கூப்பிடுவாள்? அன்று பொள்ளாச்சியில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த வேலுமணியைத்தான் கூப்பிட்டாள்.

அரைமணி நேரத்தில் பிக்கப்பின் ஹாரன் கேட்டது. வேலுமணி அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் பிக்கப்பின் முன்சீட்டில் உட்காரவைத்தான். தன் சாப்பாட்டுத் தயிரை எடுத்து அவன் விரல் விரலாகத் தேய்த்துவிட்டான். தொட்டியில் இருந்த தண்ணீர் கேனை இறக்கி, டம்ளர் டம்ளராகக் கண்ணில் ஊற்றினான். ரவிக்குமாருக்கு உலகம் மங்கலாகத் திரும்ப வந்தது. சீட்டில் உறை இல்லை. காலடியில் சிமெண்டுத் தூள். உட்கார வசதியாகத்தான் இருந்தது.

"ஏனுங்ணா, ஆருக்குங்க அரைச்சீங்க?"

ரவிக்குமார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"செரி, சொல்ல வேண்டாமுங்க. உங்களயே இங்க வர வெச்சிருக்கறான்னா அவன் எம்புட்டுப் பெரிய அநியாயம் பண்ணியிருப்பான். நீங்க செத்த உக்காந்திருங்க. நானும் நாலு மொளகா அரைச்சுத் தடவிப்போட்டு வாரேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலுமணி மிளகாய்க் கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் கடை வரைக்கும் போய்விட்டான். கையை நீட்டிவிட்டான்.

"வேலு, நில்லு" என்று ரவிக்குமார் கத்தினான். "வாங்காத. அது உனக்குத்தான் அரைச்சேன்."

வேலுமணி திரும்பி வந்தான். வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குங்களா?"

"அன்னைக்கு அத்தை உன்ற வண்டில ஏறுனாங்கல்ல. அப்ப இருந்து எனக்கு மனசு ஆறல."

 வேலுமணி கேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று ரவிக்குமார் காத்திருந்தான். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"தடவிட்டீங்களா?"

"இல்ல. சொல்றதுக்கு ஒண்ணும் கெடைக்கல."

வேலுமணி டம்ளரை மறுபடி நிரப்பினான். ரவிக்குமாரின் கண்ணில் ஊற்றினான். இத்தனை நாள் வண்டியைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது இந்த ஆளைப் பார்த்து எரிந்தது. நானாக இருந்தால் கேனைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பேனே என்று நினைத்தான். தண்ணீர் முகத்திலிருந்து சட்டையில் வழிந்து, சட்டையிலிருந்து கீழே இறங்கியது.

"சீட்டு நனையுது வேலு."

"நனைஞ்சா காஞ்சுபோயிருமுங்ணா. கண்ணைத் தொறங்க."