அண்ணன் ஏன் மோதிரம் போடவில்லை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேராவது ஒரு கேள்வியை மனதில் வைத்திருப்பீர்கள். மாமனார் வீட்டில் போட்ட மோதிரத்தை அவர் ஏன் போட்டுக்கொள்ளவே இல்லை? கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்காகத் தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மீமிசலில். அப்பா கருவாட்டு வியாபாரி. அண்ணன் பட்டாளத்துக்குப் போய், ரேடியோ பிரிவில் வேலை பழகி, சண்டை முடிந்து திரும்பியபோது அப்பா இல்லை. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த ஆண்டில் புதுக்கோட்டைக் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டு, அம்மாவையும் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான்.

மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அவர் வேலை செய்வதைப் பார்ப்பேன். வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். அண்ணன் மட்டும் டயர் செருப்போடு ஒரு மரப்பலகை மேல் நிற்பார். திறந்த ரேடியோவுக்குள் வலது கையை மட்டும் விடுவார். இடது கை முதுகுக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்தபடி இருக்கும். பட்டாளத்து மிடுக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும், "யாருண்ணே வர்றாக, இம்புட்டு வெறப்பா நிக்கிறீங்க?" என்று கேலி செய்திருக்கிறேன். சிரிப்பார், பதில் வராது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிப்பது அவருடைய பெரிய குறை. நினைவு மலரில் குறை எழுதக் கூடாது என்பார்கள். எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணிக்கு ஊர் வல்லத்திராக்கோட்டை. கல்யாணத்தில் அண்ணியின் அப்பா, நாங்கள் மாமா என்று அழைப்பவர், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார். மறுபடி கடை திறந்த அன்றே அண்ணன் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். ஆடிக்கு மகளை அழைத்துப்போக வந்த மாமா, வெறும் விரலைப் பார்த்தார். அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது, அண்ணியை அனுப்பவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். எனக்கு அண்ணன் மேல்தான் கோபம். ஒரு வார்த்தை காரணம் சொன்னால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்?

ஒருநாள் சாப்பாட்டோடு நான் போனபோது மாமா கடையில் நின்றிருந்தார். மேசை மேல் ஒரு ரேடியோ திறந்து கிடந்தது. உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"மோதிரத்தை என்ன பண்ணுனீங்க மாப்பிள்ளை?"

"வீட்ல இருக்குங்க மாமா."

"போட்டுக்கிட்டா கொறைஞ்சா போயிருவீங்க? எங்கே, கையை இங்கிட்டு நீட்டுங்க."

சொல்லிக்கொண்டே மாமா அண்ணனின் கையைப் பிடிக்க ரேடியோவுக்குக் குறுக்கே தம் மோதிரக் கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பலமாகத் தட்டிவிட்டார். மாமனாரை அடித்துவிட்டாரே என்று கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அண்ணி இனி வரப்போவதில்லை என்றே நினைத்தேன்.

அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். "இப்பத் தொடலாமா மாமா?"

"அதான் பிடுங்கியாச்சே."

அண்ணன் மரப்பிடி போட்ட திருப்புளியை எடுத்து, உள்ளே டப்பி போல் இருந்த கண்டன்சரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டார். படீரென்று பொறி பறந்தது. மாமா இரண்டடி பின்னால் போனார். பிறகு மூன்றடி முன்னால் வந்தார்.

"பிடுங்குன பொறவும் கரண்டு எங்கேருந்து வருது?"

"இது கொஞ்ச நேரம் தேக்கி வச்சுக்கும் மாமா. மோதிரம் ஒரசினாப் போதும். ரெண்டு கையும் உள்ளே இருந்தா, ஒண்ணுல ஏறி நெஞ்சு வழியா மறு கையில எறங்கும். காலு வழியா எறங்காம இருக்கத்தான் இந்தச் செருப்பும் பலகையும். பட்டாளத்துல எங்கூட இருந்தவன் மோதிரத்தோட கையை விட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இதை அப்பவே சொன்னா என்ன?"

"சொன்னா ஒங்க மக தெனமும் பயந்துக்கிட்டுல்ல இருக்கணும்."

இப்படி ஆபத்தான வேலை பார்ப்பவருக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று மாமா நினைத்திருப்பார். பிறகு தம் மோதிரத்தைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, "எங்கே, இன்னொரு தடவை காட்டுங்க" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணியோடு வந்து இறங்கினார். அண்ணி வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே கடைக்கு வந்தார். "பயப்படுறது என் பாடு. என்னான்னு தெரியாமப் பயப்படத்தான் முடியாது. எனக்கும் காட்டுங்க" என்றார். அன்று பார்க்கத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் அண்ணனுக்கே பிடிபடாத பழுதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

ஏறக்குறைய இருபது ஆண்டு கரண்டோடு புழங்கிய அண்ணனின் உடம்பில், கடைசியாகக் குளிப்பாட்டியபோது ஒரு தழும்பு இல்லை. மஞ்சள் காமாலை மூன்று வாரத்தில் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மூன்று வாரமும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், மீமிசலிலிருந்து கீழாநெல்லி பறித்து அனுப்பிக்கொண்டே இருந்த சொந்தங்களுக்கும், அண்ணனின் பிள்ளைகள் இருவரையும் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட பக்கத்து ஜவுளிக்கடை ராவுத்தர் குடும்பத்துக்கும், தள்ளாத வயதில் எல்லாக் காரியங்களிலும் கூட நின்ற மாமாவுக்கும் எங்கள் நன்றி.

கடை திறந்திருக்கிறது. இப்போது அந்தப் பலகை மேல் நிற்பவர் அண்ணி. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ரேடியோ திறந்திருக்கும்போது மட்டும் அண்ணனைப் பற்றி அவரிடம் பேசாதீர்கள். கண் கலங்கிவிட்டால் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. மூடி வைக்கும் வரை பொறுத்திருந்து பேசுங்கள். அண்ணனைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்றுதான் அண்ணியும் காத்திருக்கிறார்.