வெள்ளிக்கிழமை மட்டும் ஊமையாகும் டெலிபோன்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் டெலிபோனுக்குத் தலை துவட்டிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். பேத்தியின் கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என்னைப் பற்றி, இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மூட்டை சுமந்து, கடை பிடித்து, மேலே மாடியும் கட்டினேன். அந்த மாடிக்கு டெலிபோன் வயர் இழுத்ததும் நானேதான். எந்த இன்ஜினியரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத்தான் குழப்பம்.

பேத்தி கவிதாவுக்குப் பூனாகலையில் ஒரு வரன். பையனும் பெண்ணும் வாட்ஸ்அப்பில் காலையில் தின்ற தோசை வரைக்கும் படம் அனுப்பிக்கொள்கிறார்கள். ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியவர் பையனின் தாத்தா – தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மலை மடிப்பில் வீடு. மொபைலுக்கு சிக்னல் வரும், போகும். "பாதியில அறுந்து போற பேச்சுல சம்பந்தம் வைக்க மாட்டேன்" என்று பேரனிடம் சொல்லிவிட்டார். லேண்ட்லைனில்தான் பேசுவாராம். அதுவும் வெள்ளிக்கிழமை, காலைப் பூஜை முடிந்த கையோடு.

முதல் வெள்ளி. போன் செத்துக் கிடந்தது. மறுநாள் எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி டயல் டோன்.

இரண்டாவது வெள்ளி மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். காதுக்குள் எண்ணெயில் கடுகு பொரிந்தது. நடுவில் பெரியவர், "முதலாளி, நாங்க வந்து..." என்றார். அவ்வளவுதான்... கட்.

பையன் மூலம் செய்தி வந்தது. இன்னும் ஒரு வெள்ளி பார்ப்பாராம். அன்றைக்கும் பேச முடியாவிட்டால் சாமிக்கு இஷ்டமில்லை என்று விட்டுவிடுவாராம். கவிதா சோற்றுத் தட்டை அளைந்துகொண்டே இருந்தாள்.

என் மனைவி பாக்கியத்துக்குச் சந்தேகமே இல்லை. "எதிர்க்கடைக்காரர் கண்ணுங்க. அவர் பேத்திக்கு இன்னும் ஒன்னும் அமையலல்ல?"

புதன்கிழமை லைன்மேன் வந்தார். "லைன் நல்லாத்தான் இருக்குங்க ஐயா."

"வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப்போகுது தம்பி."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெள்ளிக்கிழமை நான் லீவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு யார் பார்ப்பது? நான்தான்.

மூன்றாவது வெள்ளி காலை. என் முறையை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள போன்கள் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட வேண்டும். மாடியில் ஒருத்தர் ரிசீவரைச் சரியாக வைக்காவிட்டாலே கீழே போன் ஊமை. பிறகு, வெளியிலிருந்து லைன் வந்து சேருகிற பெட்டியில் ஒரே ஒரு போனை நேராக மாட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் சுத்தமாக இருந்தால், குற்றம் உங்கள் வீட்டு வயரில் – எலி கடித்திருக்கும், ஆணி ஏறியிருக்கும், ஜாயின்ட் தளர்ந்திருக்கும்.

எங்கள் பெட்டி கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு நேர் கீழே. மாட்டினேன். டயல் டோன் கணீரென்று வந்தது. அப்படியானால் குற்றம் என் வயரிலா? நான் இழுத்த வயரிலா? யோசித்துக்கொண்டு நிற்கிறேன் – முகத்தில் சில்லென்று தண்ணீர். காதில் கடுகு பொரிய ஆரம்பித்தது.

திரும்பினால், பாக்கியம். ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. மறு கையில் மாவிலை.

"என்ன பண்ற?"

"எல்லா வெள்ளியும் பண்றதுதானே. கண்ணு பட்டதுலருந்து பெட்டிக்கு மட்டும் ரெண்டு பங்கு தெளிக்கிறேன்."

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். செம்புக் கம்பி பச்சை பூத்து, மேலே மஞ்சள் அப்பிக் கிடந்தது. மூடி எங்கே என்று கேட்காதீர்கள். காற்றோட்டத்துக்காகப் போன மாதம் நான்தான் கழற்றினேன். அது நல்ல யோசனைதான். தண்ணீருக்குத்தான் அது தெரியவில்லை.

லைனைக் கழற்றி, கம்பியைச் சுரண்டி, துண்டால் துவட்டி, கவிதா தலை காய வைக்கிற மெஷினையும் பிடித்தேன். மாட்டினால் டோன் வந்துவிட்டது. காத்திருந்தோம். மணி அடிக்கவில்லை. ராகுகாலம் நெருங்கியது. கவிதா மொபைலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க தாத்தா டயல் பண்ணிக்கிட்டே இருக்காராம். லைன் போகவே இல்லையாம்."

மாப்பிள்ளை வீடுதான் முதலில் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. முறையைப் பார்த்தால் பேத்தியை யார் பார்ப்பது? நானே கூப்பிட்டேன். பெரியவர் எடுத்தார். அதே கடுகு – இந்த முறை அவர் சட்டியில்.

"ஐயா," என்று கத்தினேன், "உங்க வீட்டுல வெள்ளிக்கிழமை மஞ்சத்தண்ணி தெளிப்பீங்களா?"

"தெளிக்காம? நானேதான் தெளிக்கிறேன்."

"போனுக்குமா?"

"போனுக்குத்தான் முதல்ல. நல்ல சேதி பேசப் போறது அதுலதானே?"

"எங்க வீட்டுலயும் அதே கதைதான். தொடச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

பாக்கியம் செம்பைக் கீழே வைத்தாள். கவிதா நகம் கடித்தாள். ராகுகாலம் பிறக்கச் சற்று முன்னால் மணி அடித்தது. கடுகு இல்லை. பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிக் குரல்.

"போனுக்கும் தண்ணி தெளிக்கிற வீட்ட விட்டுட்டு வேற எங்க போய்ப் பொண்ணு எடுக்கிறது? எங்களுக்குச் சம்மதங்க, சம்பந்தி."

கல்யாணத்தன்று பந்தலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்போவது பாக்கியமும் பெரியவரும்தான்... மைக்செட்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.