அம்மா ருசி பார்த்த கடல்

ஏழாம் வகுப்பு படிக்கும்போதே நான் நூறு குழந்தைகளுக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டேன். எல்லாம் ஃபைட்டர் மீன் குஞ்சுகள். அரக்கோணத்தில் மெக்கானிக்காக இருந்த அத்தை மகன், அதாவது என் பாவா, வாங்கித் தந்த ஜோடி போட்டவை. பொடிப்பொடியாக உயிரோடு நெளிவதைத் தவிர வேறெதையும் அவை தின்னாது. அதற்கென்றே ஒரு பொட்டலம் இறால் முட்டையும் தந்திருந்தார். பார்க்கக் காப்பித்தூள் மாதிரி இருந்தது.

“கடல் தண்ணி மாதிரி உப்பு கரைச்சி, இத போட்டு, காத்து பம்பு வச்சி வுடு. ஒரே நாள்ல பொரிஞ்சிடும். ஆனா உன்னால ஆவாது, வுடு” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஆனால் கடலை நான் பார்த்ததே இல்லை. திருத்தணியில் எனக்குத் தெரிந்த ஒரே உப்புத் தண்ணீர், ஊறுகாய் போட்டு விற்கிற அம்மா கரைப்பது. கோழி முட்டை மிதக்கும்வரை உப்பு போட வேண்டும் என்பது அம்மாவின் அளவு. நானும் ஒரு ஊறுகாய் பாட்டிலில் அப்படியே செய்தேன். முட்டை ஜம்மென்று மிதந்தது. பாதிப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காவல் இருந்தேன். ஒன்றுகூடப் பொரியவில்லை. தொட்டியில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. பாவாவிடம் கேட்க மானம் இடம் தரவில்லை. அம்மாவிடம் போய் அழுதேன்.

அன்று கிருத்திகை. என் மூச்சிளைப்பு நிற்க வேண்டுமென்று தொடர்ந்து ஆறு கிருத்திகைக்கு உப்பைத் தொடாமல் விரதம் இருப்பதாக அம்மா மலைமேல் வேண்டிக்கொண்டிருந்தாள். அது ஆறாவது. அந்த நாட்களில் அம்மாவிடம் பேச்சுக் கொடுக்க அப்பாவே யோசிப்பார்.

முதலில் நல்ல திட்டு விழுந்தது. பிறகு தொட்டியை எட்டிப் பார்த்தாள். என் பாட்டிலில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

“தூ! இன்னாடி இது, எலுமிச்சங்கா ஊற வைக்கிற தண்ணியாட்டம் கீது! கடல் தண்ணி இவ்ளோ கரிக்காது.”

கல்யாணமான புதிதில் மெரினாவில் அலை உருட்டிவிட்டதில் வாய் நிறையக் கடலைக் குடித்தவள் அம்மா. அந்த நாக்கை நம்பலாம். நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அவள் நாலைந்து முறை ருசி பார்த்தாள். கடைசியில், “ஆங், இதான். இதான் நான் குடிச்சது” என்றாள். மீதி முட்டையை அதில் போட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து பார்த்தேன். பாட்டில் முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. துணியில் வடிகட்டி விட்டதும் குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சாக உப்பியது. ஞாயிற்றுக்கிழமை வந்த பாவா வாயைப் பிளந்தார். ‘தோத்துட்டேன்’ என்று அவரை மூன்று முறை சொல்லவைத்த பிறகுதான் காப்பி கொடுத்தேன். அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த மாதம் அம்மா மறுபடியும் முதல் கிருத்திகையிலிருந்து விரதத்தைத் தொடங்கினாள். ஆறும் முடிந்ததுகூட ஞாபகமில்லை, அம்மாவுக்கு எண்ணவே தெரியாது என்று பாவாவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன்.