ஜட்ஜ் ஹாஸ்கெட்டின் பலகைகள்

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், கவுண்டி என்கிற எங்கள் சின்ன மாவட்டத்தில் ஜட்ஜையும் ஓட்டுப் போட்டுத்தான் உட்கார வைப்போம். வேட் ஹாஸ்கெட்டை மூன்று தடவை உட்கார வைத்தோம், எதிர்த்து நின்றவன் எவனும் தேறவில்லை. அவர் கோர்ட்டில் பேர் கூப்பிடுவது என் வேலை. மனுஷன் அப்போது நல்லவர், அதைச் சொல்லியே ஆகணும். சின்னத் திருட்டு, குடித்துவிட்டு ரகளை என்று எவன் வந்தாலும், "வேலைக்குப் போறவனை உள்ள வச்சு நான் என்ன பண்றது? போ, சொன்ன தேதிக்கு வந்து நில்லு" என்று ஜாமீனில் அனுப்பிவிடுவார்.

மகா கஞ்சர் வேறு. தேர்தலுக்காக ஆதரவாளர்கள் வீட்டு வாசலில் நட்ட பேர்ப்பலகைகளை, ஓட்டு எண்ணிய மறுநாளே தானே வண்டியில் போய்ப் பிடுங்கி வந்துவிடுவார். அடுத்த தேர்தலுக்கும் அதே பலகைதான். ஊரே கேலி செய்யும்.

நான்காவது தேர்தலில்தான் வந்தது வினை. அவர் ஜாமீனில் விட்ட ஒருத்தன் குடித்துவிட்டு வண்டியோட்டி, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியைக் கொன்றுவிட்டான். எதிர்த்து நின்ற வக்கீல் சும்மா இருப்பானா? நெடுஞ்சாலையில் அவள் படத்தைப் பெரிதாக வைத்து, 'இவளைக் கொன்றவனை வெளியே விட்டது யார்?' என்று எழுதிவிட்டான். ஜட்ஜ் தினமும் அதைத் தாண்டித்தான் கோர்ட்டுக்கு வரணும். அதன்பிறகு யாருக்கும் ஜாமீன் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாட்டினான் டாயில் டக்கெட். எவன் கொட்டகையிலோ செம்புக் கம்பி திருடியிருந்தான். அவனுக்கு வலிப்பு உண்டு, மாத்திரை தவறினால் விழுந்துவிடுவான். எங்கள் ஜெயிலில் மாத்திரை எப்போது கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜாமீன் மனுவைத் தேர்தலுக்கு மறுநாளுக்குத் தள்ளிப்போட்டார் ஜட்ஜ்.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை சர்ச்சில் கெளுத்தி மீன் வறுத்து ஊருக்கே போடுவோம். வேட்பாளர்கள்தான் பரிமாறணும், அது இங்கே வழக்கம். ஜட்ஜ் கரண்டியோடு நின்றார். வரிசையில் டாயிலின் அம்மா ஐலீன் வந்தாள்.

"ஜட்ஜய்யா, என் பையன் ஜெயில்ல ரெண்டு தடவ விழுந்துட்டான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் தட்டும் கையுமாக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோர்ட்டுக்கு வெளிய கேஸ் பேசக் கூடாது ஐலீன். புதன்கிழமை வா, மொத கேஸே உன்னுதுதான்."

"அதுவரைக்கும் அவன் தாங்கணுமே ஐயா! என் வாசல்ல இன்னும் உங்க பலகைதான் நிக்குது."

"இன்னொரு துண்டு வச்சுக்கோ" என்று அவள் தட்டில் மீனை வைத்தார். அடப்பாவி மனுஷா!

செவ்வாய்க்கிழமை ஓட்டு. சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். புதன் காலை வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தார்.

"டாயிலைக் கூப்பிடுப்பா. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் என்னிடம் மெதுவாக.

கூப்பிட்டேன். கைதிகளைக் கூட்டி வந்த காவலன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். மறுபடி கூப்பிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஐலீன் வந்தாள். அடியில் ஈரமண் ஒட்டிய பலகையை ஜட்ஜின் மேசைமேல் வைத்தாள்.

"டாயில் வரமாட்டான் ஜட்ஜய்யா. விடியக்காலைல போயிட்டான். இதுக்காக நீங்க என் வாசலுக்கு அலைய வேண்டாம்னு நானே பிடுங்கிட்டு வந்தேன். அடுத்த தேர்தலுக்கு வேணும்ல?"