மோட்டார் கொட்டகையில் சிக்னல் இல்லை

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் நடுவில் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதத் துணிந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போனில் குறிப்பு எழுத ஒரு இலவச ஆப்பைத் தேடிப் பிடித்த விஷயம்தான் இது. அதில் ரத்தம் எப்படி வந்தது என்றால், எங்கள் போர்வெல் ஒன்று, அதில் தண்ணீர் பாய்ச்சும் குடும்பம் மூன்று.

வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் நிலம். என் வீட்டுக்காரர், அவர் தம்பி, அவர்களுடைய பெரியப்பா மகன் ஆகிய மூவருக்கும் பங்கு. ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒருவர் முறையில் கரண்ட் போனால், போன நேரம் மறுநாள் முதலில் அவருக்கே சேரும். அதை மோட்டார் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதுவோம். போன சாகுபடிப் பட்டத்தில் என் கொழுந்தன் ஈரக் கையால் அதைத் தடவி அழித்தார். பெரியப்பா மகன் ஏன் என்று கேட்டார். மண்வெட்டிக் காம்பால் கொழுந்தன் அடித்த அடியில் அவர் காது கிழிந்து தொங்கியது.

திருப்பதி ஆஸ்பத்திரி பெஞ்சில் காதைத் துணியால் அழுத்திக்கொண்டே அவர் சொன்னார்: "இனிமே போன்ல எழுதும்மா. யார்கிட்டயும் வாய் குடுக்காத ஆளு நீதான். போன்ல இன்னா கீதோ அதான் முறை." பிறகு கொழுந்தனும் ஒப்புக்கொண்டார்.

அவருக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒன்று அழகாக இருந்தது. கொஞ்ச நாளில் பணம் கட்டச் சொல்லும் போலிருந்தது. ஒன்று சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது. எங்கள் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது, அங்கே சிக்னல் கிடையாது. ஒன்றில் எல்லோரும் சேர்ந்து எழுதலாம் என்று போட்டிருந்தது. எல்லோரும் எழுதினால் எல்லோரும் அழிப்பார்கள். இன்னொன்று எழுதியதைப் போனுக்குள் மட்டும் வைத்திருக்கும். அதுவும் ஆகாது. கதவைத் தடவியவர்கள் போனை உடைப்பார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். கடைசியில், சிக்னல் இல்லாமலும் எழுத விட்டு, சிக்னல் கிடைத்ததும் தானாக இணையத்தில் மேலே ஏற்றி வைத்துக்கொள்ளும் ஒன்றை எடுத்தேன். போன் செத்தாலும் வேறு போனில் என் கணக்கைத் திறந்து பார்க்கலாம்.

இந்தப் பட்டத்தில் நிலக்கடலைக்கு விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் நேரம் மழை நின்றுவிட்டது. மண் வெடித்தது. ஒரு தண்ணீர் விட்டால் பிழைக்கும். எங்கள் முறை வந்தது. மோட்டார் போட்டதும் கரண்ட் போனது, மாலை வரை வரவில்லை. மறுநாள் முதல் தண்ணீர் எங்களுக்கு என்று கொட்டகையில் நின்றபடியே எழுதினேன்.

கொழுந்தன் வந்தார். அவர் கடலையும் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா அண்ணி, பரிட்சை எழுதிக்கினு கீறியா?"

"நாளிக்கு மொதல்ல எங்களுக்கு."

"காட்டு."

காட்டினேன். மணிக்கட்டை முறுக்கிப் போனைப் பிடுங்கினார். மோட்டார் நிற்கும் சிமெண்ட் திட்டில் வைத்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரே போடு. கண்ணாடிச் சில்லு என் புருவத்தில் ஏறியது.

"இப்போ படி அண்ணி! சத்தமா படி!"

வாய்க்காலில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பொம்பள மேல கை வெக்கிறியாடா?"

"நோரு மூய்!" என்றார் தம்பி, வாயை மூடு என்று. கோபம் வந்தால் இருவருக்கும் தெலுங்குதான் வரும். கட்டிப் புரண்டார்கள். என் வீட்டுக்காரர் தம்பியின் முடியைப் பிடித்து அதே திட்டில் மோதினார். மறுபடியும் மோதினார். பல் ஒன்று மோட்டாருக்கு அடியில் போய் விழுந்தது. மீதிப் பல்லால் தம்பி அவர் முழங்கையைக் கவ்வினார். சதை பிய்ந்தும் விடவில்லை. நான் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. பெரியப்பா மகன் வந்து வாளித் தண்ணீரை இருவர் மேலும் ஊற்றி, காலால் உதைத்துப் பிரித்தார்.

"போன்தானடா ஒடஞ்சிது, நாய்ங்களா. எழுதனது மேல கீது. காலைல பாக்கலாம். அதுல இன்னா கீதோ அதான்."

தலையாட்டினேன். புருவத்து ரத்தம் கண்ணில் இறங்கியது. எழுதிய பிறகு அந்தப் போன் கொட்டகையை விட்டு வெளியே போகவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் சித்தூரிலிருந்து வந்த மகளின் போனில், மூவர் முன்னால் என் கணக்கைத் திறந்தேன். அதற்கு முன்பு எழுதியதெல்லாம் இருந்தது. கொட்டகையில் எழுதியது இல்லை. அன்று கொழுந்தன் முறை. கரண்ட் வந்தது. தண்ணீர் அவர் கடலைக்குப் போனது.