சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரருக்கு அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. ஆயுத பூஜை வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. டிப்போவில் பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்ததும், மிச்சச் சந்தனத்தைக் கிண்ணத்தோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். அதற்கப்புறம் கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். கிரைண்டர், மிக்சி, ஸ்கூட்டர், மோட்டார் சுவிட்ச், நான் மனை அளக்கிற டேப். ஒரு வருஷம் என் செல்போனுக்கு முன்னும் பின்னும் வைத்தார். கேமராக் கண்ணில் சந்தனம் போய், ஒரு மாதம் நான் எடுத்த படத்தில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை.

எனக்கு வீட்டுப் பிளான் போடுகிற வேலை. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார நாலு நாற்காலி. முதலில் தாளில் பிளான் போட்டுக் கொடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் 3டி. இன்னும் அஸ்திவாரமே தோண்டாத வீட்டுக்குள் வாசல் வழியாக நுழைந்து, ஹாலைக் கடந்து, மாடி வரைக்கும் நடந்து போகிற மாதிரி காட்டிவிடுவேன். பார்க்கிறவர்கள் நாற்காலியில் இருந்தபடியே காலைத் தூக்கி வைப்பார்கள்.

இந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். முன்பு திருட்டு விண்டோஸ்தான் போட்டிருந்தேன். வைரஸ் வந்து மூன்று வீட்டுப் பிளானைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கே தலைமுழுகிவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸுக்கு மாறினேன். மாறியதோடு விட்டேனா? கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். லினக்ஸுக்கு வைரஸ் வராது, லினக்ஸ் பாதியில் நிற்காது, நிற்கிறது என்றால் அது ஓட்டுகிறவன் லட்சணம் என்று பேசிக்கொண்டு திரிந்தேன். என் வாய்க்கு நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது பாக்கி இருந்தது.

ஒரு ஆயுத பூஜை சமயம், மீமிசலைச் சேர்ந்த ஒரு பாய் வீட்டுப் பிளான் என் கையில் இருந்தது. அவருக்கு வளைகுடாவில் கடை. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். விஜயதசமி அன்று சாயங்காலம் திருச்சியில் பிளேன். போகிற வழியில் காலையிலேயே என் வீட்டில் இறங்கி, 3டியைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டால் கொத்தனார் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவார். வீட்டின் முகப்புப் படத்தை மட்டும் முன்னமே அனுப்பியிருந்தேன். உள்ளே எப்படி இருக்கும் என்பதை நேரில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்கு ரெண்டு நாளைக்கு முன்னால் அவர் மனைவி எனக்கு போன் செய்தார். குரல் மிகத் தணிந்து வந்தது. பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, கலியாணமாகிப் பதினாலு வருசமாச்சு. மாமியா வீட்டுல ஒத்த ரூம்புல மூணு புள்ளைகளோட கெடக்கேன். போன லீவுலயும் வீட்டப் பத்தி நாளெல்லாம் பேசிட்டு, கடைசியில பாப்போம் பாப்போம்னு பிளேன் ஏறிட்டாக. இந்தத் தடவயும் சரின்னு சொல்லாமப் போயிட்டாகன்னா, இன்னும் ரெண்டு வருசம்க்கா."

"நீ கவலைப்படாதம்மா. நான் சரின்னு சொல்ல வச்சுத்தான் அனுப்புவேன்" என்றேன். பெரிய இவள் மாதிரி.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் ஈரத் துணியோடு ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரவர் ஆயுதத்தை அவரவர் கழுவித் துடைக்கிற நாளில் நான் மட்டும் சும்மா இருப்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது. கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. திரையில் படம் வரைவது அதன் வேலை. அந்தக் கார்டை வேலை வாங்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். புது டிரைவர் வந்திருக்கிறது, போட்டுக்கொள், போட்டுக்கொள் என்று ஒரு மாதமாகத் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு நச்சரித்துக்கொண்டிருந்தது. நல்ல நாள், போடுவோம் என்று அமுக்கினேன். எல்லாம் ஒழுங்காக ஏறி முடிந்தது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய் என்றது.

"மணி நாலரையாச்சு, ஆஃப் பண்ணு" என்று சந்தனக் கிண்ணத்தோடு தலைக்கு மேல் வந்து நின்றார் இவர். ஆஃப் செய்தேன். திரைக்கு நடுவில் ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, பவர் பட்டனுக்கு அச்சாக ஒன்று. பூஜைக்கு வைத்ததை மறுநாள் நல்ல நேரத்தில் எடுக்கும்வரை தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கே பாயும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். படையல் போடும் முன்பே இவர்களுக்கென்று பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அதைக் கொடுத்து உட்கார வைத்தார். பத்து மணிக்குக் கிளம்பினால்தான் திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போக முடியும் என்றார் பாய். ஒரு மணி நேரம் போதும் பாய் என்று சொல்லி, சந்தனத்தோடு சேர்த்துப் பவர் பட்டனை அமுக்கினேன்.

வந்தது. லோகோ வந்தது. பாஸ்வேர்டு கேட்கிற திரையும் வந்தது. என் பெயர், கீழே ஒரு கட்டம், மேலே மணி 7.52. மௌஸை நகர்த்தினேன். அம்பு அசையவில்லை. பாஸ்வேர்டை அடித்தேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு விளக்குகூட எரியவில்லை.

ஆஃப் செய்து மறுபடி போட்டேன். அதே திரை, இந்தத் தடவை மணி 7.56. அதற்குமேல் ஒரு நிமிஷம் நகரவில்லை.

"பரவால்ல விடு" என்றார் இவர், காலண்டரைப் பார்த்துவிட்டு. "நல்ல நேரம் எட்டே முக்கால் வரைக்கும். இந்தத் திரையில அது முடியவே முடியாது போல."

அவரைப் பார்த்த பார்வையில் படையல் பொரியை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காமல் மறுபடி வந்தார். டிப்போவில் வண்டி நின்றால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவார்களாம். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி, ஊதி, மாட்டினார். அதே திரை. அப்புறம் சந்தனத்தின் மேல் சந்தேகம் வந்தது. தான் வைத்த பொட்டைத் தானே பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்தார். முகம் தொங்கிப் போயிருந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அப்போதும் அதே திரை.

"ஏங் கடையிலயும் பில்லு மிஷினு இப்புடித்தான் மொரண்டு புடிக்கும் தங்கச்சி. மண்டையில ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்" என்றார் பாய்.

"தட்ட வேண்டியது வேற மண்டை பாய்" என்றேன். என் வீட்டுக்காரர் அது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு முறைத்தார்.

செல்போனில் தேடினேன். உலகத்தில் என்னைப் போலவே பாஸ்வேர்டுத் திரையில் மாட்டிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர் புலம்பியிருந்தார்கள். ஒருவன் என் கஷ்டத்தையே வரிக்கு வரி எழுதியிருந்தான். ஆகா என்று கீழே இறங்கினால், அடுத்த வரியில் அவனே 'சரியாகிவிட்டது, நன்றி' என்று முடித்திருந்தான். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. அவன் நல்லா இருப்பானா?

மணி ஒன்பதை நெருங்கியது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சரி தங்கச்சி, நீங்க என்ன செய்வீங்க, மிஷினுதானே. அடுத்த லீவுல வந்து பாத்துக்குருவோம். வீடு எங்க ஓடிரப் போகுது?"

இதுவரைக்கும் அவர் மனைவி திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்தார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உக்காருங்க பாய்!" என்று கத்திவிட்டேன். பாய் பொத்தென்று உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே இவர் கேட்டார்: "நேத்து கடைசியா இதுல என்னத்த மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல."

"ஒண்ணும் மாத்தாமயா நிக்குது? டிப்போவுல வண்டிய நிப்பாட்டிட்டு வாரவய்ங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாய்ங்க. ஒண்ணும் பண்ணலண்ணே, தானா நின்னுருச்சுன்னு. பானட்டத் தொறந்தா புதுசா ஒண்ண மாட்டி வச்சிருப்பாய்ங்க."

எனக்குக் காலையில் இருந்தே உள்ளுக்குள் தெரியும். லினக்ஸ் நின்றால் ஓட்டுகிறவன் லட்சணம் என்று ஊரெல்லாம் பேசிய வாயால் இதைச் சொல்வது எப்படி?

"கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் போட்டேன்" என்றேன்.

"பழசு ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்புறம் எதுக்குப் புதுசு?"

"பூஜைக்கு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மோட்டார் சுவிட்சுக்குச் சந்தனம் வைக்கிற மனிதரே, பூஜைக்கு என்று நான் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளை என்ன சொல்வது? கடைசியில், "மாட்டுனதக் கழட்டு" என்றார். அவ்வளவுதான் வழி.

கம்ப்யூட்டர் கிளம்புகிற நொடியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பழுது பார்க்கிற வழி ஒன்று உண்டு. படம், நிறம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ரெண்டு தடவை பிடி தவறி, மூன்றாவது தடவை அதற்குள் போனேன். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடியதும் பாய் பதறிவிட்டார்.

"யா அல்லா, ஹேக் பண்ணிட்டாய்ங்களா?"

"நான்தான் பாய் பண்ணுறேன்" என்றேன்.

புது டிரைவரைக் கழற்றச் சொல்லி ஒரு வரி அடித்தேன். நிஜமாகவா என்று கேட்டது. நிஜம்தான் தாயி என்று வாய்விட்டே சொல்லி அமுக்கினேன். ஐம்பது அறுபது வரி ஓடி நின்றது. மறுபடி கிளப்பினேன். பாஸ்வேர்டுத் திரை வந்தது, மணி 9.21. மௌஸைத் தொட்டேன். அம்பு அசைந்தது. இவர் கையைத் தட்டினார். அவசரத்தில் முதல் தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன், அது வேறு ஒரு சிவப்பு எழுத்தைக் காட்டி எங்கள் நாலு பேர் உயிரையும் எடுத்தது. ரெண்டாவது தடவை உள்ளே விட்டது.

உள்ளே போனால் அடுத்த இடி. பழைய டிரைவரை மறுபடி போட அதை இறக்க வேண்டும். என் செல்போன் இணையத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று காட்டியது. டிரைவர் இல்லாமல் அந்தக் கார்டால் நான் வரைந்த வீட்டுக்குள் யாரையும் நடத்திக் கூட்டிப்போக முடியாது. தரையில் பளபளப்பு வராது, ஜன்னலில் வெயில் வராது, ஒன்றும் வராது. கூரையை எடுத்துவிட்டு மேலே இருந்து பார்க்கிற பார்வை மட்டும் எப்படியோ வந்தது. சுவர், கதவு, கட்டில், அடுப்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"மன்னிச்சுக்கங்க பாய், இம்புட்டுதான் வருது" என்றேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பாய் குனிந்து பார்த்தார். ஹால் நல்ல அகலம்தான், பெட்ரூமும் நல்லா இருக்கு என்று மரியாதைக்குச் சொன்னார்.

அப்போதுதான் அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். தாளில் போட்ட பிளானைப் பல தடவை பார்த்திருக்கிறார், கோடு கோடாக இருக்கிறது என்பதற்குமேல் அவருக்கு விளங்கியதில்லை. இது விளங்கியது. விரலை வைத்து ஒவ்வொரு அறையாகப் போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

"அக்கா, இங்கிட்டு நிக்கிற இந்தப் பொம்பள யாரு?"

அறையின் அளவு தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மை ஆளை நிறுத்தி வைப்பது என் வழக்கம். வருகிறவர்களுக்குக் காட்டும்போது மறைத்துவிடுவேன். அன்றைய பதற்றத்தில் மறந்துபோனேன்.

"அது சும்மா அளவுக்கும்மா. அது அடுப்படி."

"ஏன் அவ கை செவத்துக்குள்ள போயிருக்கு?"

நான் பார்த்தேன். அடுப்பு மேடை, ஃப்ரிட்ஜ், தண்ணித் தொட்டி போக மிஞ்சிய இடத்தில் பொம்மை நெருங்கி நின்றது. அதன் முழங்கை சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த அடுப்படியில் ஜன்னல் வெயிலை விட்டு, கருங்கல் மேடையைப் பளபளக்க வைத்து, ஒரு தட்டில் ஆப்பிள் அடுக்கி, அகலமாகத் தெரிகிற கோணத்தில் காட்டியிருப்பேன். அவரும் நல்லாருக்குக்கா என்றிருப்பார். பாய் பெரிய ஹால் கேட்டார், பெரிய பெட்ரூம் கேட்டார். அடுப்படியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அடுப்படியில் நிற்கிற நானும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"மச்சான், செவத்துக்கு அங்கிட்டு இருக்கது நம்ம ரூம்புதானே?" என்று அவர் பாயைக் கேட்டார்.

"ஆமா."

"நீங்க ரெண்டு வருசத்துல நாப்பது நா வந்து படுப்பீக. அதுக்கு இம்புட்டுப் பெருசு. நான் நித்தம் விடிஞ்சு அடையிற வரைக்கும் நிக்கிறதுக்கு, கைய மடக்க எடமில்ல."

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டார். பாய் குனிந்து, முதலில் அடுப்படிப் பொம்மையையும் பிறகு பெட்ரூமையும் பார்த்தார். பெட்ரூமில் நின்ற பொம்மையைச் சுற்றி இன்னும் நாலு பேர் நடமாடலாம்.

"அந்தச் செவத்தத் தள்ள முடியுமா தங்கச்சி?"

"இன்னும் கல்லு வைக்கலயே பாய். இப்பத் தள்ளுனா ஆச்சு."

"தள்ளுங்க. தள்ளிட்டு அதையே கொத்தனாருக்கு அனுப்பிருங்க. நாளைக்கே வேலய ஆரம்பிக்கச் சொல்லி போற வழியில நான் பேசிருறேன்."

சுவரைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் இல்லாத கம்ப்யூட்டர் திணறியது. திரை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சுவர் ஒரு அடி நகர்ந்தது. பொம்மையின் முழங்கை வெளியே வந்தது.

"போதுமா?" என்று பாய் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

அவர் முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்கக்கா" என்றார்.